நிகழ்ச்சி நிரலில் ஒரு பிளைவீல்

மடத்துவெளி அவசர ஊர்திப் பரிபாலன சபைக்கு ஒரு தலைவர் இருந்தார். மூன்று உபதலைவர்கள் இருந்தார்கள். போஷகர்கள் இருவர், செயலாளர், உதவிச் செயலாளர், தனாதிகாரி, உட்கணக்காய்வாளர், லண்டனில் ஒரு கிளை, வட்டமாக ஒன்றும் நீளமாக ஒன்றுமாக இரண்டு றப்பர் முத்திரைகள், எழுபத்திரண்டு உறுப்புரைகள் கொண்ட ஒரு யாப்பு, எல்லாம் இருந்தன. இவ்வளவுக்கும் பிறகு ஒரு காரும் இருந்தது.

கார் ஒரு பழைய ஏ-40; ஊர் அதை ஏ போட்டி என்றது. நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் புங்குடுதீவிலிருந்து பாலம் கடந்து ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்கு ஏற்றிப் போவதற்கென்று லண்டனில் இருந்த ஊரவர் வாங்கித் தந்தது. அதை ஓட்டியவன் மார்க்கண்டு. அவன் சபையின் உறுப்பினன் அல்லன். யாப்பின் பின்னிணைப்பில் "காரும் அதன் இணைப்புகளும்" என்று ஒரு பட்டியல் உண்டு. மேலதிகச் சில்லு, ஜாக்கி, சாவி இரண்டு, சாரதி ஒன்று என்று அதில் எழுதியிருந்தது. மார்க்கண்டு அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தன் பெயர் எங்கேயாவது எழுதப்பட்டிருப்பதே பெரிய காரியம் என்று நினைக்கிற சாது அவன்.

எண்பத்துநாலாம் ஆண்டு சித்திரையில் சபையின் வருடாந்த ஒன்றுகூடல் மண்கும்பான் கடற்கரையில் நடந்தது. காருக்குள் எட்டுப் பேர், ஒரு கூழ்ப்பானை. தலைவர் வைத்திலிங்கம் ஓய்வுபெற்ற தபாலதிபர். அன்றைக்குப் புதுச் செருப்பு போட்டிருந்தார். கார் அலைக்கரை மட்டும் போனால் நல்லது என்றார்.

"மணல் ஐயா, புதையும்" என்றான் மார்க்கண்டு.

"சபையின்ரை கார் புதையாது. விடும்."

கார் புதைந்தது. ஒருவரும் இறங்கவில்லை. இறங்கித் தள்ளுவதென்றால் யார் முதலில் இறங்குவது என்பதில் பதவி வரிசை இருந்தது. அரை மணித்தியாலம் மார்க்கண்டு கிளச்சை மிதித்து விட்டு, மிதித்து விட்டு எஞ்சினை உறுமவைத்தான். காருக்கடியிலிருந்து புகையும் எரிந்த மணமும் எழும்பின. தலைவர் மூக்கைச் சுளித்து, "கூழ் அடிப்பிடிச்சிட்டுது" என்று சமையலுக்குப் பொறுப்பாயிருந்த தனாதிகாரியை எல்லோர் முன்னாலும் பேசினார். தனாதிகாரி அந்த அவமானத்தை இன்றுவரை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு கார் கொஞ்சம் கொஞ்சமாகச் சோம்பல்பட்டது. எஞ்சின் வானத்துக்கும் பூமிக்கும் கத்தும், கார் நகராது. வேலணைக்குப் போகும் பாலத்து ஏற்றத்தில் ஒருநாள், மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரன் ஒருவன் காரை முந்திக்கொண்டு, மார்க்கண்டுவைப் பார்த்துச் சுகமும் விசாரித்துவிட்டுப் போனான்.

மார்க்கண்டுவுக்குப் பயம் பிடித்தது. காரணம் கார் அல்ல. கலியாணம் முடித்துப் பதினொரு வருடத்துக்குப் பிறகு அவன் மனைவி இராசேஸ்வரி முழுகாமல் இருந்தாள். ஆறாம் மாதம். ஊர் மிட்வைவ் அன்னபூரணம் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, இருவரையும் எதிரே இருத்திச் சொல்லிப்போட்டுப் போயிருந்தாள்.

"முப்பத்தேழு வயசு, முதல் பிள்ளை. பிறஷரும் கூட. இதை நான் வீட்டிலை வைச்சுப் பார்க்க மாட்டன். பிள்ளை நோக் கண்ட உடனை ஊர்காவற்றுறைக்குக் கொண்டு போயிட வேணும். பஸ்ஸுக்கு நிண்டால் தாயுமில்லை, பிள்ளையுமில்லை. விளங்குதோ மார்க்கண்டு? கார் ஆயத்தமா நிக்க வேணும்."

ஊரில் இருந்த மற்ற இரண்டு வாடகைக் கார்களும் விடிந்தால் பட்டணத்துக்கு ஓடிவிடும். ஆகவே சபைக் கார்தான். மார்க்கண்டு அதை உருட்டியும் கெஞ்சியும் ஊர்காவற்றுறையில் சில்வெஸ்ரரின் கராஜுக்குக் கொண்டு போனான்.

சில்வெஸ்ரர் அதிகம் பேசாத மெக்கானிக். கியர்பெட்டியை இறக்கி, தேய்ந்து அப்பளமாய்ப் போயிருந்த கிளச் பிளேட்டைக் கழற்றி எறிந்தார். பிறகு எஞ்சினின் பின்பக்கம் பூட்டியிருந்த பெரிய இரும்புத் தட்டைத் துணியால் துடைத்து, மார்க்கண்டுவை அருகே கூப்பிட்டார். அதுதான் பிளைவீல். கிளச் பிளேட் அதன் முகத்தில் ஒட்டிக்கொண்டு சுழன்றால்தான் கார் ஓடும்.

"இஞ்சை பார். சூட்டிலை நீலம் பாய்ஞ்சு கிடக்கு. வரி வரியா அரிச்சிருக்கு. இந்த முகத்திலை புதுப் பிளேட்டைப் போட்டால் கார் உதறும். ஆறு மாசத்திலை புதுப் பிளேட்டையும் தின்னும். பேந்து திரும்பவும் கியர்பெட்டியை இறக்க வேணும். இறக்கிறதுதான் வேலை, மாத்திறது வேலையில்லை. இறக்கின கையோடை ரெண்டையும் மாத்திப்போட்டுப் பேசாமல் இரு."

"லேத்திலை குடுத்துச் சீவினால் என்னண்ணை?"

"உதை முந்தியே ரெண்டுதரம் சீவியாச்சு. இனியும் சீவினால் சவரம் செய்யத்தான் உதவும்."

"அப்ப மாத்துங்கோ."

"சபையைக் கேட்டுக்கொண்டு வா."

"கேட்டால் ஓம் எண்டுதானே சொல்லுவினம்" என்றான் மார்க்கண்டு. சில்வெஸ்ரர் அவனை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுக் கைகழுவப் போனார்.

சபை வாசிகசாலை மண்டபத்தில் கூடியது. தேவாரம் பாடினார்கள். அந்த வருடம் காலமான உறுப்பினர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தினார்கள். ஒருவரும் காலமாகவில்லை என்று செயலாளர் நினைவூட்டியபோது, முன்கூட்டியே செலுத்தியதாகக் கொள்ளலாம் என்று தலைவர் தீர்ப்பளித்தார். சென்ற கூட்டறிக்கை வாசித்துத் திருத்தப்பட ஒரு மணித்தியாலம் சென்றது. கதவோரம் நின்ற மார்க்கண்டு கால்மாறி நின்றுகொண்டான்.

செயலாளர் அம்பலவாணர் முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இருந்தவர். காகிதத்தில் இல்லாத பொருளை அவர் கண்ணால் கண்டாலும் நம்புவதில்லை. யாப்பைத் திறந்தார்.

"கிளச் எண்டால் நாற்பத்தோராம் உறுப்புரை. சில்லறைத் திருத்தம். அதுக்கு நானே அனுமதி தரலாம், தந்திட்டன். ஆனால் எஞ்சின் எண்டால் நாற்பத்திரண்டு. அதுக்குப் பொதுச்சபை கூட வேணும், இருபத்தொரு நாள் அறிவித்தல் வேணும். இப்ப கேள்வி என்னெண்டால், இந்தப் பிளைவீல் எண்டது கிளச்சைச் சேர்ந்ததோ, எஞ்சினைச் சேர்ந்ததோ?"

எல்லோரும் மார்க்கண்டுவைப் பார்த்தார்கள்.

"அது எஞ்சினிலை பூட்டியிருக்கு ஐயா. கிளச் அதிலை ஒட்டியிருக்கு. ரெண்டுக்கும் நடுவிலை" என்றான் அவன்.

"அப்ப எல்லை வேலி மாதிரி" என்றார் ஒரு உபதலைவர்.

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மண்டபத்தில் இருந்த பதினேழு பேரில் பதினாறு பேருக்கு வேலி வழக்கு இருந்தது. வேலி யாருக்குச் சொந்தம், கதியால் தடி எந்தப் பக்கத்தில் நட்டது, கட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்பதையெல்லாம் வைத்துப் பிளைவீலின் உடைமையைத் தீர்மானிக்கலாம் என்று ஆளுக்காள் விளக்கம் சொன்னார்கள். தனாதிகாரியும் உட்கணக்காய்வாளரும் அடுத்தடுத்த வளவுக்காரர். இரவோடிரவாக ஒரு முழம் தள்ளி அரக்கப்பட்ட வேலி ஒன்றைப் பற்றி அவர்கள் தொடங்கியதும் கூட்டம் பிளைவீலை விட்டு நெடுந்தூரம் போய்விட்டது.

"ஐயா, வீட்டிலை அவவுக்கு ஆறாம் மாதம்…" என்று மார்க்கண்டு மெல்லச் சொன்னான்.

தலைவர் எழுந்தார். அவர் எழுந்தால் மேற்சட்டைப் பையில் மூன்று பேனைகளும் சேர்ந்து எழும்.

"சாரதியின்ரை கவலை எங்களுக்கு விளங்குது. ஆனால் ஒண்டை நினைவிலை வைச்சிருக்க வேணும். இது அவசரங்களுக்கெண்டு உருவான சபை. ஆனபடியாலை இந்தச் சபை ஒருக்காலும் அவசரப்படக் கூடாது."

கைதட்டல் எழுந்தது. பொருளை நேரில் பார்க்காமல் முடிவெடுப்பதற்கில்லை, அடுத்த கூட்டத்துக்குப் பிளைவீல் சமுகமளிக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று.

மார்க்கண்டு பிளைவீலைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். மண்டபத்தில் மேசைமேல் வெள்ளை விரித்து, பக்கத்தில் குத்துவிளக்கும் ஏற்றியிருந்தார்கள். உதவிச் செயலாளர் பழக்கதோஷத்தில் பிளைவீலுக்குச் சந்தனப்பொட்டும் வைத்துவிட்டார். உறுப்பினர்கள் வரிசையாக வந்து பார்த்துப் போனார்கள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள்.

"நீலம் பாய்ஞ்சிருக்கு எண்டு மெக்கானிக் சொல்லுறார். நீலம் வடிவாய்த்தானே இருக்கு?" என்று கேட்டார் ஒரு போஷகர்.

அடுத்து, கிளச் தேய்ந்த காரணத்தை ஆராய்ந்தார்கள். மண்கும்பான் மணல் என்று மார்க்கண்டு சொல்லத் தொடங்கியபோது தலைவருக்கு இருமல் வந்தது. காரணம் சாரதியின் இடதுகாலாக இருக்கலாம் என்று செயலாளர் அபிப்பிராயப்பட்டார். கிளச்சின் மேல் காலை வைத்தபடியே ஓட்டினால் தேயும் என்று எங்கேயோ வாசித்திருந்தார். மார்க்கண்டுவைக் கதிரையில் இருத்தி, வாங்கு ஒன்றின் மேல் இடதுகாலை நீட்டச் சொன்னார்கள். மூன்று பேர் கொண்ட உபகுழு குனிந்து பார்த்தது. வலதுகாலோடு ஒப்பிட்டது. ஒருவர் நூல்கூடப் பிடித்தார். இடதுகால் வலதுகாலிலும் பார்க்கக் கொஞ்சம் பாரமாகத் தோன்றுவதாகவும், எனினும் தீங்கு நினைக்கிற கால் போலத் தெரியவில்லை என்றும் அறிக்கை சொன்னது. முப்பத்தொன்பது வயது மனிதனுக்கு அன்று வந்த வெட்கத்தை யாரிடம் சொல்வது? அவன் காலை இழுத்துச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டான்.

"வெடிச்சுக் கிடக்கோ?" என்று தனாதிகாரி பிளைவீலைக் காட்டிக் கேட்டார்.

"இல்லை ஐயா. வெடிச்சிருந்தால் தட்டினவுடனை சத்தம் காட்டிக் குடுத்திடும். இது முகம்தான் கெட்டது" என்றான் மார்க்கண்டு.

பின்பாதி ஒருவர் காதிலும் விழவில்லை. சத்தம் என்றதுமே எல்லோரும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பினார்கள். அங்கே ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர் ஆழ்வாப்பிள்ளை இருந்தார். சபையில் ஒன்பது வருடமாக இருந்தும் தன் துறை சார்ந்த பிரச்சினை ஒன்று வரவில்லையே என்று ஏங்கியிருந்த மனிதர். பிளைவீலைக் கயிற்றில் கட்டித் தூக்கிப் பிடிக்கச் செய்து, சிறு சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் கண்ணை மூடினார்.

நாதம் மண்டபத்தைச் சுற்றி வந்து ஓயும்வரை ஒருவரும் மூச்சுவிடவில்லை.

"சுருதி சுத்தம்" என்றார் ஆழ்வாப்பிள்ளை. கண்ணோரம் ஈரமாயிருந்தது. "இப்பிடி ஒரு நாதமுள்ள பொருளை மாத்துறதெண்டால் மனச்சாட்சி உள்ளவன் செய்ய மாட்டான்."

"ஆனால் கார் பாடுறதுக்கில்லையே ஐயா, ஓடுறதுக்கல்லோ" என்றார் ஐயாத்துரை. இறுப்பிட்டியில் உழவு இயந்திரம் வைத்திருந்தவர். இயந்திரம் என்றால் என்னவென்று சபையில் தெரிந்த ஒரே ஆள். தெரிந்து பேசுவதால் அவரை ஒருவருக்கும் பிடிக்காது.

"தலைவருக்கூடாகப் பேசும்" என்று அவர் உட்கார வைக்கப்பட்டார்.

விடயம் சிக்கலாகிவிட்டதால் லண்டன் கிளைக்கு எழுதுவதென்று முடிவாயிற்று. கடிதத்தோடு படமும் போக வேண்டும். போஷகர்கள் கதிரையில், உபதலைவர்கள் இருபக்கமும், மற்றவர்கள் பின்வரிசையில் நிற்க, நடுவில் மாலையோடு பிளைவீல். படம் பிடித்து முடிந்ததும் பிளைவீலை அலுமாரிக்குள் வைத்து இரண்டு பூட்டுப் போட்டார்கள். ஒரு திறப்பு தலைவரிடம், மற்றது செயலாளரிடம்.

மாதம் ஒன்று போனது. ஊர்காவற்றுறையில் கார் நான்கு கல்லின் மேல் நின்றது. பின்சீற்றில் சில்வெஸ்ரரின் கோழி அடைகிடந்தது. இராசேஸ்வரிக்கு எட்டாம் மாதம். கால் வீங்கிவிட்டது.

சில்வெஸ்ரர் எங்கேயோ உடைத்துப் போட்டிருந்த இன்னொரு ஏ போட்டியில் நல்ல பிளைவீல் ஒன்று இருப்பதாகச் சொல்லியனுப்பினார். இலவசமாகவே தரலாம். மார்க்கண்டு ஓட்டமும் நடையுமாகச் செயலாளர் வீட்டுக்குப் போனான். அவர் சாய்கதிரையில் இருந்தபடியே யாப்பைப் புரட்டினார்.

"ஐம்பத்தெட்டு. பாவிச்ச சாமான் காரிலை பூட்டக் கூடாது."

"கார் முழுக்கப் பாவிச்ச சாமான்தானே ஐயா?"

"கார் யாப்புக்கு முந்தி வந்தது. அதுக்கு விலக்கு உண்டு. அதைவிட, கிளச் பிளேட்டுக்கு நான் அண்டைக்கே அனுமதி தந்தனான். அதை ஏன் நீர் இன்னும் பூட்டுவிக்கேல்லை? அசட்டையீனம் எண்டு எழுத வேண்டி வரும்."

"எதிலை பூட்டிறது ஐயா? அது ஒட்டிற இரும்பு உங்கடை அலுமாரிக்குள்ளை இருக்கு."

"அது வேறை உறுப்புரை" என்றார் அம்பலவாணர், ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் அன்பாக.

லண்டனிலிருந்து பதில் வந்தது. நாலு பக்கம். கிளைத் தலைவரின் மைத்துனரைப் படத்தில் பின்வரிசையில் நிற்கவைத்தது யார், என்ன நோக்கத்தோடு, என்று மூன்றரைப் பக்கம் கேட்டிருந்தார்கள். கடைசி வரியில் "பிளைவீல் விடயம் உங்கள் விருப்பம்" என்றிருந்தது. விருப்பம் என்றால் சபையின் விருப்பமா, பொதுச்சபையின் விருப்பமா என்பது தெளிவில்லை. ஆகவே பொதுச்சபை. இருபத்தொரு நாள் அறிவித்தல். ஆவணி இரண்டாம் ஞாயிறு, காலை ஒன்பது மணி.

மார்க்கண்டு வீட்டுக்கு வந்து நாளைச் சொன்னான். பேறுகாலத்துக்கு அன்னபூரணம் குறித்துக் கொடுத்ததும் அந்தக் கிழமைதான். இராசேஸ்வரி வீங்கிய காலைத் தலையணையில் வைத்தபடி அவனைப் பார்த்தாள். பேசுவதற்கு அஞ்சுகிற பெண் அல்ல அவள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை சபைக்குச் சொல்லுங்கோ, என்ரை வயித்துக்குள்ளை யாப்பு ஒண்டும் இல்லை. அது தன்ரை பாட்டுக்கு வரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவன் கையைப் பிடித்த பிடி அவனுக்கு நொந்தது. பதினொரு வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கியவள். மார்க்கண்டு வளவுக்குள் போய்க் கிணற்றடியில் நின்று, சபையின் எழுபத்திரண்டு உறுப்புரைகளையும் ஒவ்வொன்றாகத் திட்டினான். அது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை. பன்னிரண்டாவதோடு சொற்கள் தீர்ந்துவிட்டன.

அடுத்த நாள் ஊர்காவற்றுறைக்குப் போய்ச் சில்வெஸ்ரரிடம் எல்லாவற்றையும் சொன்னான். சில்வெஸ்ரர் பின்சீற்றிலிருந்த கோழியை மட்டும் தூக்கி வெளியே விட்டார்.

ஆவணி இரண்டாம் ஞாயிறு காலை எட்டே முக்காலுக்கு இராசேஸ்வரிக்கு நோக் கண்டது. அன்னபூரணம் ஓடிவந்து பார்த்து, "இப்பவே வெளிக்கிட வேணும்" என்றாள். அடுத்த பஸ் பத்தரைக்கு. மார்க்கண்டு வாசிகசாலைக்கு ஓடினான். ஐயாத்துரையின் உழவு இயந்திரமாவது கிடைத்தால் பெட்டியில் வைக்கோல் போட்டுக் கொண்டுபோகலாம்.

மண்டபத்தில் தேவாரம் முடிந்திருந்தது. மேசையில் வெள்ளை விரித்து, பிளைவீல் புது மாலையோடு இருந்தது.

"ஐயா, அவவுக்கு நோக் கண்டிட்டுது. ஐயாத்துரை அண்ணை ஒருக்கா மெசினோடை வந்தால்…"

ஐயாத்துரை பாதி எழுந்துவிட்டார். தலைவர் கையை உயர்த்தினார்.

"இவர் எழும்பினால் நிறைவெண் குறைஞ்சிடும். ஐம்பத்தொரு பேர் வேணும், ஐம்பத்தொரு பேர்தான் இருக்கினம். மார்க்கண்டு, நீர் யோசிச்சுப் பாரும். இண்டைக்கு இந்தக் கூட்டம் ஆருக்காக? உம்மடை பெண்சாதி மாதிரி ஆக்களுக்காக. ஊரின்ரை நன்மைக்காக நாங்கள் இருந்து கதைக்கேக்கை, ஊர் கொஞ்சம் பொறுக்கத்தான் வேணும். மூண்டாவது விடயம் முடியட்டும்."

மார்க்கண்டு வெளியே வந்தான். கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் றோட்டில் நின்றான். அப்போதுதான் பாலத்துப் பக்கமிருந்து ஒரு கார் வந்தது. எஞ்சின் கத்தவில்லை, உதறவில்லை, வெண்ணெயில் வருவதுபோல் வந்தது. ஸ்ரியறிங்கில் சில்வெஸ்ரர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டில் எண்ணெய்க் கறை.

"பூட்டினபடியே ஓட்டிப் பார்க்க வந்தனான். ஏறு" என்றார்.

"அண்ணை… பிளைவீல்?"

"உடைச்ச காரின்ரை. சபை கேட்டால் சொல்லு, நான் சபைக்குப் பூட்டேல்லை, இராசேஸ்வரிக்குப் பூட்டினனான். நிண்டு கதைக்காதை!"

இராசேஸ்வரியைப் பின்சீற்றில் கிடத்தி, அன்னபூரணம் பக்கத்தில் இருக்க, மார்க்கண்டு ஸ்ரியறிங்கைப் பிடித்தான். இடதுகால் கிளச்சை மிதித்து விட்டதும் கார் பாய்ந்தது. வாசிகசாலையைக் கடக்கும்போது ஹோணை அமத்தினான். அமத்திய கையை எடுக்கவேயில்லை. ஒரு ஆடு விலகியது, இரண்டு சைக்கிள்கள் விலகின, பாலத்தில் மீன்பெட்டிக்காரன் விலகினான். இந்தமுறை சுகம் விசாரிக்க நேரமில்லை.

ஆசுபத்திரியில் ஒரு மணித்தியாலத்தில் ஆண்பிள்ளை பிறந்தது. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். "இன்னும் அரை மணித்தியாலம் சுணங்கியிருந்தால் ரெண்டும் எங்கடை கையை விட்டுப் போயிருக்கும்" என்று டொக்டர் சொன்னார். மார்க்கண்டு வெளியே வந்து, காருக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்ரியறிங்கில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதான். சில்வெஸ்ரர் மறுபக்கம் திரும்பி நின்று சுருட்டுப் பற்றவைத்தார்.

அந்த நேரத்தில் மண்டபத்தில் என்ன நடந்தது என்பதைக் கூட்டறிக்கையைப் பார்த்துத்தான் மார்க்கண்டு பிறகு அறிந்தான். அம்பலவாணர் எழுதியது எழுதியபடி:

"மூன்றாவது விடயம் (பிளைவீல்) விவாதிக்கப்படுகையில் வெளியே ஹோண் சத்தத்தால் சபைக்கு இடையூறு ஏற்பட்டது. யன்னலைச் சாத்துமாறு தலைவர் பணித்தார். யன்னலைச் சாத்தச் சென்ற உட்கணக்காய்வாளர், போவது சபையின் கார் என்று அறிவித்தார். கார் அதிவேகமாகப் போவதைச் சபை எழுந்து நின்று பார்வையிட்டது. பிளைவீல் மேசையில் உள்ளதா எனத் தலைவர் வினவினார். உள்ளது எனச் செயலாளர் தொட்டுப் பார்த்து உறுதிப்படுத்தினார். பிளைவீல் இங்கேயும் கார் அங்கேயும் இருப்பதால், கார் ஓடுவதற்குப் பிளைவீல் தேவையில்லை என்பது கண்கூடாக நிரூபணமாயிற்று எனத் தலைவர் சுட்டிக்காட்டினார். திரு. ஐயாத்துரை ஏதோ சொல்ல எழுந்தார். ஒழுங்குப் பிரச்சினை காரணமாக அமர்த்தப்பட்டார். சபை அவசரப்படாமல் இருந்ததால் ஒரு வீண் வேலை தவிர்க்கப்பட்டது எனத் தலைவர் கூறியபோது கரகோஷம் எழுந்தது."

மூன்று நாள் கழித்து மார்க்கண்டுவை விசாரணைக்கு அழைத்தார்கள்.

"நீர் ஞாயிற்றுக்கிழமை பிளைவீல் இல்லாமல் கார் ஓட்டினீரோ?" என்று தலைவர் கேட்டார்.

மார்க்கண்டு மேசையைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் ஐம்பத்தெட்டாம் உறுப்புரை. பாவித்த சாமான் பூட்டிய குற்றத்துக்குச் சில்வெஸ்ரருக்கு ஒரு உபகுழு, பூட்டியதைக் கழற்றுவதற்கு இன்னொன்று. அவன் வாழ்க்கையில் முதற்தடவையாக ஒரு சபைக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுத்தான்.

"உந்தப் பிளைவீல் இல்லாமல்தான் ஓட்டினனான் ஐயா."

"ஏதும் வித்தியாசம் தெரிஞ்சுதோ?"

"முந்தியிலும் பார்க்க நல்லா ஓடுது."

இதைவிட வேறென்ன சாட்சியம் வேண்டும்? இத்தனை வருடமும் இந்தச் சுமையைக் கார் வீணாகச் சுமந்து திரிந்ததே என்று போஷகர் பரிதாபப்பட்டார். லண்டனுக்கும் எழுதினார்கள். பிளைவீலை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது ஆழ்வாப்பிள்ளை எழுந்து, அதன் நாதத்தை ஊர் இழக்கக் கூடாது என்றார். வாசிகசாலை வாசலில் வேப்பமரக் கொப்பில் சங்கிலி போட்டு அதைத் தூக்கிவிட்டார்கள். இனிமேல் கூட்டத்துக்கு மணி அதுதான். அடிக்கும் பொறுப்பைக் கூடுதல் கடமையாகச் சாரதிக்கு ஒப்படைத்தார்கள்.

பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த மறுநாள் அடுத்த கூட்டம். மார்க்கண்டு சுத்தியலோடு போய் மூன்றுமுறை தட்டினான். நல்ல நாதம்தான், அதில் பொய்யில்லை. கதவில் நிகழ்ச்சி நிரல் ஒட்டியிருந்தது. காரில் தேவையற்ற பாகங்கள் வேறேதும் இருந்தால் கண்டுபிடித்து நீக்குவது பற்றி ஒரு பட்டியல். மேலதிகச் சில்லு, ஜாக்கி, சாவி இரண்டில் ஒன்று. நான்காவதாக எழுதியிருந்ததை அவன் இரண்டுதரம் வாசித்தான்.

"சாரதி. இவர் காருக்கு அவசியமா என்பதை ஆராய மூவர் கொண்ட உபகுழு நியமித்தல்."

வீட்டுக்கு வந்து இராசேஸ்வரிக்குச் சொன்னான். வேலை போய்விடுமோ என்று அவன் முகம் விழுந்திருந்தது. அவள் மடியில் கிடந்த பிள்ளை தன் இடதுகாலை நீட்டி, நீட்டி, காற்றை மிதித்துக்கொண்டிருந்தான்.

"பயப்பிடாதையுங்கோ. அவையள் ஒரு முடிவெடுக்கிறதுக்கிடையிலை இவன் லைசன்ஸ் எடுத்திடுவான்" என்றாள் இராசேஸ்வரி.